சாந்தகுமாரி அக்காவின் வலது கை

ஞாயிற்றுக்கிழமை காலை காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. வஞ்சிரத்தை வெட்டக் கொடுத்துவிட்டு, ஐஸ் தண்ணீர் காலில் படாமல் ஒதுங்கி நின்றிருந்தேன். போனில் சாந்தகுமாரி அக்காவின் கணவர் தனசேகர் அண்ணனின் பெயர். எடுத்தேன். அவருக்குப் பின்னால் யாரோ ஒரு பெண்மணி குரலெடுத்து அழுவது மட்டும் கேட்டது.

"ஷாகுலு, உங்க அக்கா பூட்டாடா" என்றார் கடைசியில்.

"எப்போண்ணே?"

"இப்பதான். ஆஸ்பத்திரிலயே. நான் கையப் புட்ச்சிக்கினுதான் இருந்தேன். எப்ப மூச்சு நின்னுச்சின்னே தெரியல."

மீன் வெட்டும் அம்மா, "தலைய இன்னா பண்றது, போட்றதா வாணாவா?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். மீனை அங்கேயே விட்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.

அக்காவை அறிந்தவர்கள் அதிகம் பேர் இல்லை. எர்ணாவூரில் தொட்டிகளும் அழுத்தக் கலன்களும் செய்யும் ஒரு கம்பெனியின் டிராயிங் செக்ஷனில் பல வருடங்கள் வேலை பார்த்தவர் சாந்தகுமாரி. இரும்புத் தகட்டை எந்த அளவில் வெட்டுவது, எங்கே துளை போடுவது, எங்கே பற்றவைப்பது என்று கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பது எங்கள் வேலை. நான் அவருக்குப் பக்கத்து மேஜை. அவரை அறியாதவர்களும் அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

இறந்தவர்களைப் பற்றி எழுதும்போது அவர்கள் எல்லோரும் பொறுமைசாலிகளாகிவிடுகிறார்கள். அக்காவுக்குப் பெயரில் மட்டும்தான் சாந்தம் இருந்தது. கோபக்காரர். தன் வேகத்தைப் பற்றிக் கர்வம் உள்ளவர். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் மகளாகப் பிறந்து, ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் படிப்பில் சேர்ந்தவர். "படிப்பு பேர்லயே மேன்னு கீது, நீ இன்னாத்துக்குமா வந்தேன்னு வாத்தியார் கேட்டாரு. மார்க்கு வந்தப்புறம் கேக்கல" என்று சொல்லிச் சிரிப்பார். அவர் வீட்டுச் சுவரில் புத்தர் படம் இருக்கும். பௌர்ணமி அன்று வெள்ளைப் புடவையில் வருவார். அன்றைக்கும் கோபம் மட்டும் குறையாது.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், எந்த இடம் என்று தெரியாமல் அவர் நாற்காலியில் உட்கார்ந்து மவுஸைத் தொட்டுவிட்டேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"எந்திரி நைனா. அது என் எலி."

மவுஸை அவர் எலி என்றுதான் சொல்வார். அந்த எலியை வேறு யாரும் தொடக் கூடாது. கிளம்பும்முன் அதைத் துணியால் துடைத்து, கீபோர்டின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார். காலையில் வேறு மாதிரி கிடந்தால் செக்ஷனில் ஒருவரும் தப்ப முடியாது.

அவர் வரைவதைப் பார்க்க வேண்டும். இடது கை கீபோர்டில் கட்டளைகளைத் தட்டிக்கொண்டே இருக்கும். வலது கையில் எலி. அதன் நடுச் சக்கரத்தை உருட்டினால் படம் கிட்டே வரும், தூரப் போகும். அதையே அழுத்திப் பிடித்தால் படம் முழுவதும் கையோடு நகரும். எல்லோரும் செய்வதுதான். ஆனால் அக்கா செய்யும்போது, திரையில் இருப்பது படம் என்பதே நமக்கு மறந்துவிடும். ஒரு பெரிய தொட்டியை அவர் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோல் இருக்கும்.

என் மச்சான் ரஃபீக், வண்ணாரப்பேட்டையில் கல்யாண வீடியோ எடிட்டிங் கடை வைத்திருப்பவர், மேக் கம்ப்யூட்டர் பக்தர். என் கல்யாணத்தில் பந்தியில் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தவர், பேச்சுவாக்கில் விண்டோஸைக் கிண்டல் செய்துவிட்டார். பிரியாணி ஆறும்வரை இருவரும் சண்டை போட்டார்கள்.

"மேக்குல மெனு எல்லாம் மேலயே ஒரே இடத்துல கீது. மவுஸு அம்ப மேல தள்ளி வுட்டா போதும், முட்டிக்கினு நின்னுரும். குறி பாக்கவே வாணாம்" என்றார் ரஃபீக்.

"நான் ரெண்டு ஸ்க்ரீன் வெச்சிக்கினு வேல பாக்குறேன். ஒவ்வொரு தபாவும் மேல ஓடிக்கினு இருந்தா எப்போ வரையறது? அது கெடக்கட்டும், ஒரே ஒரு பட்டனை வெச்சிக்கினு இன்னா பண்ணுவீங்க?"

"ஒண்ணு போதும்க்கா. ஈஸி."

"ஒண்ணு போதும்னா கையில அஞ்சி வெரலு எதுக்குபா கீது?"

பந்தியே சிரித்தது. ரஃபீக்கும் சிரித்தார். இப்போதெல்லாம் மேக் மவுஸில் வலது கிளிக்கும் உண்டு என்று அவர் சொல்ல வந்ததை யாரும் கேட்கவில்லை.

அந்தக் கோளாறு எப்போது தொடங்கியது என்று எங்களில் யாராலும் சொல்ல முடியவில்லை. முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. அக்கா திரையில் ஒரு ஜன்னலைப் பிடித்து நகர்த்துவார். பின்னால் திறந்திருந்த மற்ற ஜன்னல்கள் எல்லாம் ஒரேயடியாக மறைந்துவிடும். "ஏய், எவண்டா என் ஃபைல மூடுனது?" என்று கத்துவார். எங்கள் விண்டோஸில் அப்படி ஒரு வசதி இருந்தது. ஜன்னலின் தலைப்பைப் பிடித்து ஆட்டினால் மற்றவை ஒதுங்கிக்கொள்ளும். அதை யாரும் வேண்டுமென்று பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. அக்காவுக்கு மட்டும் அது தானாக நடந்தது.

பிறகு ஃபைல்களின் பெயர்கள் மாறத் தொடங்கின. ஒரு டிராயிங்கின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அர்த்தமில்லாத எழுத்துகள் வரிசையாக இருக்கும். பிறகு ஃபைல்களே காணாமல் போயின. தேடினால் சம்பந்தமில்லாத வேறொரு ஃபோல்டரில் கிடைக்கும். அக்கா முணுமுணுத்துக்கொண்டே எடுத்துப் பழைய இடத்தில் வைப்பார். "பேஜாரு புட்ச்ச கம்ப்யூட்டரு" என்பார். புது மவுஸ் கேட்டு வாங்கினார். அதுவும் அப்படியே செய்தது.

அந்த மாதிரி ஒரு நாளில்தான் ஒரு கலனின் டிராயிங்கில் திருத்தம் வந்தது. குழாய் பொருத்தும் துளையின் இடம் மாறியிருந்தது. அக்கா திருத்தி, சேமித்து, ஃபோல்டரில் வைத்துவிட்டதாகச் சொன்னார். வெட்டும் பிரிவினர் அந்த ஃபோல்டரைத் திறந்தபோது அங்கே பழைய டிராயிங்தான் இருந்தது. அதைப் பார்த்து வெட்டினார்கள். கனத்த தகடு, தவறான இடத்தில் துளை. பிறகு அதை எதற்கும் பயன்படுத்த முடியவில்லை.

விசாரணை வைத்தார்கள். திருத்திய டிராயிங் வேறொரு வேலையின் ஃபோல்டருக்குள் கிடந்தது. அக்காவின் லாகினில்தான் அது நகர்த்தப்பட்டிருந்தது.

"நான் நகர்த்தலைங்க சார்" என்றார் அக்கா.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது மேடம்" என்றார் மேனேஜர்.

அறிக்கையில் "கவனக்குறைவு" என்று எழுதினார்கள். கையெழுத்துப் போட அக்கா மறுத்துவிட்டார். தன் எலியை வேறு யாரோ தொடுகிறார்கள் என்று அவர் உறுதியாக நம்பினார். அவருடைய பாஸ்வேர்டு தெரிந்த ஒரே ஆள் நான்தான். ஒரு முறை அவர் லீவில் இருந்தபோது அவசரத்துக்குப் போனில் சொல்லியிருந்தார்.

என்னிடம் நேராக எதுவும் கேட்கவில்லை. பேச்சை நிறுத்திவிட்டார். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விடுவார். நான் "அக்கா" என்று கூப்பிட்டால் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். வாரக்கணக்கில் அப்படியே போனது. என் மனைவியிடம் சொல்லி அழுதிருக்கிறேன்.

பிறகு ஒரு மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது என் பக்கம் திரும்பினார்.

"இங்க வா. குந்து."

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மறுபடியும் ஒரு ஃபைலக் காணோம். காலைல இருந்துச்சி. நான் எடத்த வுட்டு எந்திரிக்கல, நீயும் எந்திரிக்கல. இப்போ நான் பண்றேன். எங்க போவுதுன்னு நீ பாரு."

ஒரு ஃபைலைத் திறக்கப் போனார். இரண்டு கிளிக். விண்டோஸில் அந்த இரண்டும் வேகமாக, ஒரே இடத்தில் விழ வேண்டும். இரண்டாவது தாமதமானால், பெயரை மாற்றக் கேட்கிறோம் என்று அது எடுத்துக்கொள்ளும். அழுத்தும்போது கை கொஞ்சம் நகர்ந்துவிட்டால், ஃபைலை இழுத்துக்கொண்டு போகிறோம் என்று எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் ஒரு ஃபோல்டர் இருந்தால் கேள்வி கேட்காமல் அதற்குள் போட்டுவிடும்.

அக்காவின் சுட்டுவிரல் அழுத்தியது. மணிக்கட்டு துடித்தது. ஃபைல் நழுவி, பக்கத்து ஃபோல்டருக்குள் போய் மறைந்தது.

நாங்கள் இருவரும் பார்த்தோம். வேலை செய்யாமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்ததால்தான் அன்று அது தெரிந்தது. அக்கா எலியிலிருந்து கையை எடுக்கவில்லை. கை அதன்மேல் நடுங்கிக்கொண்டே இருந்தது. அம்பும் திரையில் நடுங்கிக்கொண்டிருந்தது.

"அப்போ நான்தானா?" என்றார்.

நான் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"உன்னப் போயி நெனச்சேனே நைனா" என்று அந்தக் கையால் என் கையைப் பிடித்தார். அப்போதுதான் அந்த நடுக்கத்தின் பலம் எனக்குத் தெரிந்தது. நிறுத்தலாம் என்று இறுக்கிப் பிடித்தேன். நிற்கவில்லை.

டாக்டர் முதலில் நடுக்குவாதம் என்றார். சில மாதங்கள் கழித்து, அதிலேயே வேகமாக முற்றும் வேறொரு வகை என்றார்கள். மாத்திரைகள் சில மணி நேரம் கேட்கும், பிறகு கேட்காது.

அந்த நாட்களில் நானும் அக்காவும் விண்டோஸின் செட்டிங்ஸ் முழுவதையும் தேடிப் பார்த்தோம். டபுள் கிளிக்கின் வேகத்தைக் குறைத்தோம். ஒரே கிளிக்கில் ஃபைல் திறக்கும்படி மாற்றினோம். இனி இரண்டாவது கிளிக்கே வேண்டாம், பெயரும் மாறாது. ஜன்னல்கள் ஓடி ஒளிவதை நிறுத்தினோம். ஆனால் எத்தனை தூரம் நகர்ந்தால் இழுப்பதாகக் கணக்கு என்பதை மாற்ற மட்டும் திரையில் எங்கும் இடம் கிடைக்கவில்லை. அது உள்ளே ஆழத்தில் ஒளிந்திருந்தது. அங்கே கைவைக்க எங்களுக்கு அனுமதி இல்லை. ஆனாலும் சில நாட்கள் நன்றாகப் போயின. அக்கா எலியை இடது கைக்கு மாற்றிக்கொண்டார், பட்டன்களையும் இடம் மாற்றி வைத்தோம். வலது கையை மடியில் போட்டு அதன்மேல் முந்தானையை மூடிக்கொள்வார்.

ஒரு நாள் மேனேஜர் ஏதோ டிராயிங் பார்க்க அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தொட்டதெல்லாம் ஒரே கிளிக்கில் திறந்தது. இடது பட்டனை அழுத்தினால் வலது பட்டனின் வேலை நடந்தது. "இது என்ன கம்ப்யூட்டரா, வேற ஏதாவதா?" என்று கத்தினார். மறுநாள் கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து ஆள் வந்து எல்லாவற்றையும் பழையபடி ஆக்கி, யாரும் மாற்ற முடியாதபடி பூட்டிவிட்டுப் போனார். எல்லா மெஷினும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது விதியாம்.

அன்றைக்கே அக்கா மேனேஜரின் அறைக்குப் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் கொடுத்த சீட்டை மேஜைமேல் வைத்தார்.

"சார், அந்தத் தகடு விஷயம். நான் வேணும்னு பண்ணல. அசால்ட்டாவும் பண்ணல. என் கை பண்ணிச்சி."

மேனேஜர் படித்தார். முகம் மாறியது. கெட்ட மனிதர் என்று நான் சொல்ல மாட்டேன்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேடம்."

"எனக்கே தெரியாதுங்க சார்."

"சரி, உடம்புதான் முக்கியம். ரெஸ்ட் எடுங்க."

"ரெஸ்ட் வாணாம் சார். அந்த ரிப்போர்ட்ல கவனக்குறைவுன்னு எழுதியிருக்கு பாருங்க, அந்த ஒரு வார்த்தைய மட்டும் மாத்திடுங்க. நோய்னு எழுதுங்க. எது வேணா எழுதுங்க. அது மட்டும் வேணாம்."

"அது ஹெட் ஆபீஸுக்குப் போயிடுச்சே" என்றார் அவர். "போனதை எப்படி மாத்தறது?"

தொழிற்சங்கத்துக்குப் போனோம். மாதச் சம்பளக்காரர்களைச் சங்கத்தில் சேர்ப்பதில்லை என்றார்கள். கொஞ்ச நாளில் அக்காவை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். வந்த பொருளை எண்ணிப் பார்க்கும் வேலை. டிராயிங் செக்ஷனைத் தாண்டித்தான் அங்கே போக வேண்டும். அக்கா தலையைத் திருப்பாமல் தாண்டிப் போவார். அவருடைய மேஜைக்குப் புதிதாக ஒருவர் வந்தார். பிறகு ஒரு நாள் அக்கா ஸ்டோர்ஸுக்கும் வரவில்லை. ராஜினாமா எழுதிக் கொடுக்கச் சொன்னதாகவும், எழுதிக் கொடுத்துவிட்டதாகவும் தனசேகர் அண்ணன் சொன்னார்.

அண்ணன் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுபவர். துறைமுகத்துக்கு உள்ளே போக வண்டியை வரிசையில் போட்டால் எப்போது வீடு திரும்புவார் என்று சொல்ல முடியாது. பகல் முழுவதும் அக்கா மாடி வீட்டில் தனியாக இருந்தார். "செவுத்தப் பாத்துக்கினு குந்தினு கீறா. ஒரு வார்த்தை பேச மாட்டேன்றா. நீ வந்து எதுனா பேசேன்டா" என்று அண்ணன் என்னிடம் கெஞ்சினார்.

போனேன். பேச வரவில்லை. வரைய ஏதாவது வழி செய்யலாமா என்று மட்டும் கேட்டேன். அக்கா என்னையே பார்த்தார். "முடியுமா?" என்றார். அந்தக் கேள்வியை நான் எழுப்பியிருக்கக் கூடாதோ என்று இன்று தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை.

முதலில் ரஃபீக் கடைக்குக் கூட்டிப் போனேன். வரும் ஞாயிறு கடையை மூடி வைக்கிறேன், அக்கா வந்து உட்காரட்டும் என்று அவரே சொன்னார். மேக்கின் மவுஸ் வழவழவென்று இருந்தது. மேலே பட்டனும் இல்லை, சக்கரமும் இல்லை.

"இன்னாபா, சோப்புக் கட்டி மாறி கீது" என்றார் அக்கா.

அதன் முதுகில் விரலைத் தடவினால் பக்கம் நகரும். அக்காவின் விரல் தடவாமலே நகர்ந்தது. திரையில் இருந்த படம் மேலும் கீழும், இடமும் வலமும் ஓடியது. பிறகு இன்னொன்றும் நடந்தது. மேக்கில், அம்பு எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள் மவுஸை வேகமாக ஆட்டினால் அம்பு பெரிதாகிக் காட்டும். அக்கா ஆட்டவில்லை. அம்பு பெரிதானது, சிறிதானது, மறுபடி பெரிதானது. ரஃபீக் அவசரமாக எழுந்து அதை நிறுத்தப் போனார்.

"இருக்கட்டும் வுடு" என்றார் அக்கா. "நான் எங்க கீறேன்னு அதாவது தேடுது."

பிறகு சாதாரண மவுஸை மாட்டிக் கொடுத்தோம். அக்கா அம்பை மேலே தள்ளினார். அது திரையின் மேல் விளிம்பில் முட்டி நின்றது. நடுங்கினாலும் விளிம்பைத் தாண்டிப் போக முடியவில்லை. மெனு சரியாகத் திறந்தது. அக்கா ரஃபீக்கைத் திரும்பிப் பார்த்தார். "கல்யாணத்துல நீ சொன்னது நெசந்தான்பா. முட்டிக்கினு நிக்குது. இது நல்லாத்தான் கீது" என்றார். ரஃபீக் கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டார். உள்ளே வர அவருக்கு நேரமானது.

ஆனால் எங்கள் டிராயிங் மென்பொருளுக்கு மேக் சரிப்படவில்லை. வாங்குவதும் எங்கள் கைக்கு எட்டாது. ரிச்சி தெருவில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கி, அதில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். அதில்தான் நாங்கள் தேடியது கிடைத்தது. ஒரே கிளிக்கில் ஃபைல் திறக்கும். இழுப்பதாகக் கணக்கு வைக்க எத்தனை தூரம் நகர வேண்டும், எத்தனை நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று நாமே சொல்லலாம். இரண்டையும் முடிந்தவரை கூட்டி வைத்தேன். மவுஸுக்குப் பதிலாக டிராக்பால் ஒன்று வாங்கினோம். அது மேஜையில் நகராமல் நிற்கும். மேலே இருக்கும் உருண்டையை உள்ளங்கையால் உருட்ட வேண்டும். பட்டன் தனியாகத் தள்ளி இருக்கும். இலவசமாகக் கிடைக்கும் டிராயிங் மென்பொருள் ஒன்றையும் ஏற்றினேன். அக்கா அளவுகளைக் கீபோர்டில் தட்டி, குறைவாக உருட்டி, நிறைய யோசித்து, ஒரு நீள்சதுரம் வரைந்தார்.

"இஸ்துகினு போவல பாத்தியா" என்றார். அக்கா அழுததை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன்.

தண்டையார்பேட்டையில் எனக்குத் தெரிந்த சின்னப் பட்டறைகளிடம் சொன்னேன். தண்ணீர்த் தொட்டிக்கு ஸ்டாண்டு, மாடிப்படிக்கு இரும்புக் கைப்பிடி, கடைக்கு ஷட்டர் என்று வேலைகள் வந்தன. முன்பு அரை மணியில் முடித்ததை இரண்டு நாள் வரைந்தார். மாத்திரை வேலை செய்யும் நேரத்தைக் கணக்குப் பார்த்துச் சமையலை விட்டுவிட்டு உட்காருவார். அண்ணன் வீட்டுக்கு வந்தால் சாப்பாடு இருக்காது. "அவ மூஞ்சியப் பாத்தாலே வயிறு ரொம்பிடுதுடா" என்பார் அவர். பட்டறைக்காரர் ஒருவர் போன் செய்து, "மேடம், உங்க டிராயிங்ல ஒரு மிஸ்டேக்கும் இல்ல" என்று சொன்னாராம். அந்த வார்த்தையை அக்கா என்னிடம் சொன்னார், அண்ணனிடம் சொன்னார், பக்கத்து வீடுகளில் சொன்னார். மிஸ்டேக்கும் இல்ல, மிஸ்டேக்கும் இல்ல என்று.

இந்தக் கட்டுரை இங்கே முடிந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

நோய் இடது கைக்கும் வந்தது. கீபோர்டில் ஒரு எழுத்துக்கு மூன்று விழுந்தது. டிராக்பாலின் உருண்டை உள்ளங்கைக்குக் கீழே தானாகச் சுழன்றது. பட்டனை அழுத்துவதற்கும் அழுத்தாமல் இருப்பதற்கும் வித்தியாசம் இல்லாமல் போனது. அப்போதும் நான் விடவில்லை. பட்டனே இல்லாமல் கிளிக் செய்யும் வழி ஒன்று உண்டு என்று படித்தேன். அம்பை ஒரு இடத்தில் கொண்டுபோய் அசையாமல் வைத்திருந்தால், கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டரே கிளிக் செய்துகொள்ளும். கை முடியாதவர்களுக்கென்றே செய்து வைத்திருக்கிறார்கள் என்று அக்காவிடம் சந்தோஷமாகச் சொன்னேன்.

அக்கா முயன்றார். அம்பு அந்த இடத்துக்கு வந்தது. கிளிக் செய்யப்போகிறேன் என்று காட்டும் சின்ன வட்டம் நிரம்பத் தொடங்கியது. கை துடித்தது. அம்பு நகர்ந்தது. வட்டம் மறைந்தது. மறுபடி கொண்டுவந்தார். நிரம்பத் தொடங்கியது, மறைந்தது. மதியம் முழுவதும் அப்படியே போனது. அக்காவின் நெற்றியிலிருந்து வியர்வை வழிந்தது. நான் நேரத்தைக் குறைத்துப் பார்த்தேன். இப்போது வேண்டாத இடங்களில் எல்லாம் கிளிக் விழுந்தது. கூட்டிப் பார்த்தேன். எங்குமே விழவில்லை.

கடைசியில் அக்கா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நைனா, அசையாம நிக்கணும்னு சொல்லுது. அசையாம நிக்கத் தெரிஞ்சா எனக்கு இது எதுக்கு?"

நான் செட்டிங்ஸை மறுபடி திறக்கப் போனேன்.

"அத்த மூடிடு" என்றார்.

மூடினேன். பிறகு அவர் அதைத் திறக்கச் சொல்லவில்லை.

அதன்பின் நான் போகும்போதெல்லாம் அக்கா கட்டிலில்தான் இருந்தார். பேச்சு குழறியது. கோபம் வந்தால் மட்டும் ஒரு சொல் தெளிவாக வரும். கடைசி மாதங்களில் நடுக்கம் குறைந்தது. குணமாகிறது என்று அண்ணன் நம்பினார், நானும் நம்ப ஆசைப்பட்டேன். டாக்டர் விளக்கினார்: கை விறைத்துப் போயிருக்கிறது, அதனால்தான் நடுங்கவில்லை. பிறகு விழுங்க முடியாமல் போனது. கஞ்சி நுரையீரலுக்குள் போய்ச் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே நான் பார்த்தபோது அக்கா கண்ணைத் திறந்தார். "வூட்டுக்குப் போ, பொண்டாட்டி தேடுவா" என்றார். எனக்குப் புரிவதற்காக அதை அவர் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அது ஒரு வெள்ளிக்கிழமை. ஞாயிறு காலை போய்விட்டார்.

வீட்டுக்குக் கம்பெனியிலிருந்தும் வந்திருந்தார்கள். மேனேஜர் பெரிய மாலை ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தனசேகர் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். "ரொம்பக் கவனமான ஒர்க்கர் சார் அவங்க. இப்போ அந்த மாதிரி ஆளே கிடைக்க மாட்டாங்க" என்றார்.

அண்ணன் அவரை நிமிர்ந்து பார்த்தார். "அத்த எழுதிக் குடு சார்."

"என்னது?"

"இப்ப சொன்னே இல்ல, கவனம்னு. அத்த எழுதிக் குடு. அவ அத்தக் கேட்டுக்கினே செத்தா."

மேனேஜர் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். போனை எடுத்துப் பார்த்தார். வெளியே போய்ப் பேசுவதுபோல் பேசினார். திரும்பி வரவில்லை.

சாயங்காலம் எடுத்தார்கள். புத்தரின் பெயரைச் சொல்லி, மெழுகுவத்தி ஏற்றி, வெள்ளைத் துணி போர்த்தி வண்டியில் வைத்தார்கள். வண்டி கடலோர நெடுஞ்சாலைக்கு வந்தபோது, வழக்கம்போல் துறைமுகம் போகும் டிரெய்லர்கள் ஒன்றின் பின் ஒன்றாகக் கண்ணுக்கு எட்டிய தூரம் நின்றிருந்தன. அவற்றில் இருந்தவர்கள் அண்ணனோடு வண்டி ஓட்டுகிறவர்கள். யார் சொல்லி வைத்தார்களோ தெரியாது. முதல் வண்டிக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி நின்றார். அடுத்தவர் அணைத்தார். அப்படியே ஒவ்வொருவராக. எப்போதும் காதை அடைக்கும் அந்தச் சாலையில், ஒரு பக்கம் முழுவதும் சத்தமே இல்லாமல் போனது. லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு ஆட்கள் சக்கரங்களுக்குப் பக்கத்தில் நின்றார்கள். அவர்களில் பலருக்கு அக்கா யார் என்றே தெரியாது. கடல் பக்கத்திலிருந்து அலைச் சத்தம் கேட்டது. இத்தனை வருடங்களில் அந்தச் சாலையில் நின்று நான் அதைக் கேட்டதில்லை.

பிறகு எங்கோ தொலைவில், விஷயம் தெரியாத ஒரு வண்டி ஹாரன் அடித்தது. இன்னொன்றும் அடித்தது. ஓட்டுநர்கள் ஏறிக்கொண்டார்கள். இன்ஜின்கள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கின.

போங்க அக்கா. உங்களைப் பற்றி அவர்கள் எழுதிய அந்த ஒரு சொல்லை எங்களால் அழிக்க முடியவில்லை.